ஊருக்கு நோய் தீர மண்குதிரை... அதைச் செய்யும் கைக்கு?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் வந்தால் வில்லியனூர். இந்த ஊருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுக்காக வந்திருப்பார்கள்.

முதலாவது, நோய். 1877-ல் பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்த லூர்து மாதா சுரூபம் இங்கேதான் இருக்கிறது. ஆலயத்தை ஒட்டிய குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுதான் அவர்களை இங்கே அழைத்து வந்திருக்கும்.

இரண்டாவது, மறைந்தவர்களின் நினைவு. வில்லியனூர் கொம்யூனுக்குள்ளேயே, சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி இருக்கிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிக்குத் தர்ப்பணம் கொடுக்க அமாவாசைதோறும் இங்கே கூட்டம் வரும். 2023 ஏப்ரல் 22-ல் தொடங்கிய சங்கராபரணி புஷ்கரத்தின் 12 நாள்களும் கரையில் நிற்க இடமில்லை.

மூன்றாவது, திருவிழா. திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வடம் பிடித்தார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் தொடர்கிறது. அந்தத் தேருக்காக வெளியூரில் பிழைக்கப் போன பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள்.

நோய், நினைவு, பயணம்... இந்த மூன்றோடும் தினமும் வேலை செய்கிற ஒரு கூட்டம் இதே ஊரில் இருக்கிறது. அவர்கள் சுடுமண் கலைஞர்கள். 'வில்லியனூர் சுடுமண் பொருள்கள்' புவிசார் குறியீடு பெற்றவை. அதாவது, இந்தப் பெயரைப் போட்டு வேறு ஊர்க்காரர்கள் விற்க முடியாது. இந்த ஊர் மண் கலைஞரான வி.கே.முனுசாமிக்கு 2020-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் பட்டியலில் அவர் பெயர் 'முனுசாமி கிருஷ்ணபக்தர்' என்று இருக்கும்.

விருதும் குறியீடும் நமக்குத் தெரியும். அந்த வீடுகளின் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது, அங்கே ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன ஆகிறது என்பது நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

மிதித்தால்தான் மண்

மண் வேலை செய்கிற வீட்டில் பொழுது விடிவது மண்ணில்தான். ஏரி, ஆற்றுப் படுகைகளிலிருந்து வரும் களிமண்ணை அப்படியே சக்கரத்தில் வைக்க முடியாது. காயவைத்து, கட்டி உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு அளவாக மணல் சேர்த்துக் காலால் மிதிக்க வேண்டும். பெரிய உருவம் செய்வதாக இருந்தால் உமியோ, நறுக்கிய வைக்கோலோ சேரும். அது தீயில் எரிந்துபோய், மண்ணுக்குள் நுண்ணிய இடைவெளிகளை விட்டுச்செல்லும். அந்த இடைவெளிதான் உருவம் வெடிக்காமல் காப்பாற்றும்.

சப்பாத்தி மாவு பிசைகிறவர்களுக்கு இது உடனே புரியும். மாவு பதம் தப்பினால் ஒரு சப்பாத்திதான் போகும். மண் பதம் தப்பினால் ஒரு மாத உழைப்பு சூளைக்குள் டப்பென்று வெடித்துவிடும்.

இந்த மிதிப்பதும், தட்டுவதும், காய்கிற பொருளை வெயிலுக்கும் நிழலுக்குமாக மாற்றி வைப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. சக்கரத்தில் பெண்கள் உட்காரக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அதனால் பானை யார் பெயரில் விற்றாலும், அதில் பாதி உழைப்பு பெயர் இல்லாமலே போனது. இப்போது சுடுமண் நகை, சின்னச் சின்ன அலங்காரப் பொருள்கள் என்று பெண்கள் தங்கள் பெயரிலேயே தொழில் செய்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் அவர்கள்தான் அதிகம் உட்காருகிறார்கள்.

பெரிய குதிரை எப்படி எழும்புகிறது என்று தெரியுமா? முதலில் நான்கு கால்கள்தான் வரும். உள்ளே கூடாக, நான்கு தூண்கள்போல. அவை ஓரளவு இறுகிய பிறகுதான் மேலே வயிறு. மண்ணைக் கயிறுபோல உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை கொடுத்துத் தட்டி ஏற்றுவார்கள். அன்றைக்கு ஏற்றிய அளவு காய்ந்தால்தான் மறுநாள் அதன்மேல் பாரம் வைக்கலாம். கழுத்து, தலை, சலங்கை, மாலை எல்லாம் கடைசியில் வரும். ஆள் உயரக் குதிரையை அவசரப்படுத்தவே முடியாது. மழை வந்தால் வேலை நிற்கும். செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை நிற்கும். முழுக்கக் காய்ந்துவிட்ட மண்ணோடு புது மண் சேராது என்பதால், நான்கு நாள் படுத்துவிட்டால் ஏற்றி வைத்த வயிற்றை உடைத்து ஊறப்போட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சூளையில் முதலில் மெல்லிய தீதான். மிச்சமிருக்கும் ஈரம் மெதுவாக வெளியேற வேண்டும். பிறகு தீ ஏறும். 600 டிகிரியை நெருங்கும்போது மண்ணோடு ஒன்றாகக் கலந்திருந்த நீரும் போய்விடும். அதன்பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது மறுபடி சேறாகாது. காற்று நன்றாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்புச் சத்து சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் விட்டால் கறுக்கும். சிவப்புப் பானைக்கும் கறுப்புப் பானைக்கும் மண் ஒன்றேதான், தீதான் வேறு.

வலிக்கு ஓர் உருவம்

புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் கொம்யூன். புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி இங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல். ஏரியும் வயலும் இருக்கிற இடத்தில் அய்யனாரும் இருப்பார். கரை உடையாமல், பயிர் காயாமல், பிள்ளைகளுக்கு நோய் வராமல் இரவில் குதிரை ஏறிக் காவல் சுற்றுகிறார் என்பது தமிழ்க் கிராமங்களின் நம்பிக்கை.

குழந்தைக்கு மாந்தம், மாட்டுக்குக் கோமாரி, கட்டிய பெண்ணுக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை என்று வேண்டிக்கொள்கிறவர்கள், காரியம் கைகூடியதும் அய்யனாருக்கு மண்குதிரை எடுத்து வைப்பார்கள். பிள்ளை பிறந்தால் மதலைப் பொம்மை. கை வலிக்குக் கை, கால் வலிக்குக் கால், கண் நோய்க்குக் கண் என்று மண்ணிலேயே செய்து வைப்பதும் உண்டு.

இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கிரேக்க நாட்டின் கொரிந்த் நகரில், மருத்துவக் கடவுளான அஸ்க்லீபியஸ் கோயிலை அகழ்ந்தபோது சுடுமண்ணில் செய்த கைகளும் கால்களும் காதுகளும் கிடைத்தன. 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அவற்றை அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். வலிக்கிற இடத்தை மண்ணில் செய்து தெய்வத்தின் முன்னால் வைக்க வேண்டும் என்று அங்கேயும் மனிதர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இங்கே கலைஞரின் இடம் முக்கியமானது. மண் உருவம் கேட்டு வருகிறவர் வெறும் அளவையும் விலையையும் மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. யாருக்காக, என்ன நோய், எத்தனை நாளாக, எந்த ஆஸ்பத்திரி என்று கதையும் சேர்ந்தே வரும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் 'புரவி எடுப்பு' திருவிழாவுக்குக் குதிரை செய்யச் சொல்லும்போது ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுப்பார்கள். கலைஞர் அந்த மண்ணைச் சேர்த்துத்தான் வேலையைத் தொடங்குவார். ஊரின் கவலையை அவர் கையில் ஒப்படைக்கிற சடங்கு அது.

கோயிலில் வைத்த குதிரையை அதன்பிறகு யாரும் பழுது பார்ப்பதில்லை. காது உடையும், நிறம் போகும், கால் சாயும். அது தன் வேலையை முடித்துவிட்டது. அடுத்த வேண்டுதலுக்கு அடுத்த குதிரை. கல்லில் செய்திருந்தால் ஒரு தலைமுறையோடு வேலை முடிந்திருக்கும். மண்ணில் செய்வதால்தான் செய்கிற கைக்குத் தலைமுறைதோறும் வேலை இருந்தது. இப்போது பல கோயில்களில் சிமென்ட் குதிரை வந்துவிட்டது. பெயின்ட் அடித்தால் போதும், வருஷக்கணக்கில் நிற்கும். ஊருக்கு அது வசதி. மண் கலைஞருக்கோ, மறுபடி வராத வேலை.

பிறப்பு முதல் கொள்ளிக்குடம் வரை

கல்யாணத்துக்கு வர்ணம் தீட்டிய அரசாணிப் பானை. பொங்கலுக்குப் புதுப்பானை. கார்த்திகைக்கு அகல். கடைசியாகச் சுடுகாட்டில் தோளில் சுமந்து துளையிட்டு உடைக்கிற குடம். ஒரு குடும்பத்தின் எல்லா நல்லது கெட்டதுக்கும் பொருள் போவது இந்த வீடுகளிலிருந்துதான். ஊரில் ஒரு சாவு என்றால் நேரம் காலம் பார்க்காமல் குடம் எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.

இந்த உறவு நேற்று வந்ததில்லை. புதுச்சேரியின் மேற்கே மண்ணாடிப்பட்டு கொம்யூனில் சுத்துக்கேணி என்றொரு ஊர். 1940-களின் கடைசியில் பிரெஞ்சு ஆய்வாளர் கசால் இங்கே அகழ்ந்தபோது இரும்புக் காலத்து ஈமக் காடு வெளிப்பட்டது. இறந்தவர்களின் எலும்புகளை வைத்த தாழிகள், கூடவே படையல்போல வைத்த சின்னச் சின்ன மண் கலங்கள். அப்பாவையோ அம்மாவையோ இழந்த யாரோ ஒருவர் அன்றைக்கும் ஒரு மண் கலைஞரிடம் போய்த்தான் நின்றிருக்க வேண்டும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதும் அதிகம் கிடைத்தவை பானை ஓடுகள்தான். ரோமானிய வணிகத்தின் காலத்தைக் கணிக்க அவருக்குக் கைகொடுத்தவை அந்த ஓடுகளே.

மண் கலைஞர் தன் சொந்தக் குடும்பத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்? எல்லா வீட்டையும்போலச் சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்கும். அதைவிட உறுதியான நினைவு கையில் இருக்கிறது. பானையின் விளிம்பை எந்த விரலால் மடிப்பது, குதிரையின் மூக்கை எவ்வளவு நீட்டுவது, விநாயகர் தும்பிக்கையை எங்கே வளைப்பது என்பதையெல்லாம் யாரும் எழுதி வைத்ததில்லை. அப்பா செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் பாடம். அதனால், பழகிய கண்ணுக்கு ஒரு பொம்மையின் முகத்தைப் பார்த்தாலே எந்த வீட்டு வேலை என்று தெரிந்துவிடும். வீட்டுப் பெரியவர் போன பிறகும், மகன் செய்கிற குதிரைக்கு அவர் செய்த குதிரையின் முகம் வந்துகொண்டிருக்கும்.

இந்தப் பாடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சொல்லிக்கொடுக்கிறவர் உடம்பு நன்றாக இருக்கும்போதே கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மகன் சேதராப்பட்டிலோ சென்னையிலோ கம்பெனி வேலைக்குப் போயிருந்து, அப்பாவுக்குத் திடீரென்று பக்கவாதம் வந்தால், அந்தக் கையோடு அந்த வீட்டுக் குதிரையும் நின்றுவிடும்.

மூட்டைக்குள் வைக்கோல்

இந்தக் கலைஞர்களின் வருஷத்தைத் திருவிழாக்கள்தான் நடத்துகின்றன. ஆவணியில் விநாயகர் சதுர்த்தி, புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் விளக்கு, தையில் பொங்கல். சிக்கல் என்னவென்றால், விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் தேவை அதிகமாக இருக்கும் மாதங்களுக்கு முன்னால்தான் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். செய்தது காயாது, சூளை எரியாது, குடிசைக்குள் அடுக்கி வைத்தவை நமத்துப்போகும். அதே மாதங்களில்தான் வீட்டில் சளி, காய்ச்சல், டெங்கு எல்லாம் வரும்.

மற்ற மாதங்களில் பயணம். டெல்லி ஹாட், ஹரியானாவின் சூரஜ்குண்ட் மேளா, மாநில அரசுகள் நடத்தும் கைவினைக் கண்காட்சிகள் என்று கூப்பிடும் இடத்துக்கெல்லாம் மண் பொருளோடு போக வேண்டும். புடவை வியாபாரிக்கு மூட்டை கட்டினால் போதும். இவர்கள் ஒவ்வொன்றையும் வைக்கோலிலும் பேப்பரிலும் சுற்றி, இரண்டு மூன்று நாள் ரயிலில் மடியில் குழந்தை வைத்திருப்பதுபோலக் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்து பிரிக்கும்போது எத்தனை உடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் லாபமும் நஷ்டமும். தண்ணீர் மாறும், சாப்பாடு மாறும், வட இந்தியக் குளிர் மூட்டில் இறங்கும். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பொம்மைகளோடு சேர்ந்து பயணம் போகும்.

ஆனாலும் இந்தப் பயணம் இல்லாவிட்டால் வெளியுலகத்துக்கு வில்லியனூர் தெரிந்திருக்காது. அளவில் சின்னதாகவும், நுணுக்கத்தில் பெரிதாகவும் செய்யத் தொடங்கியதற்கு ஒரு காரணம், பையில் போட்டு எடுத்துப்போகலாம் என்று வாங்குகிறவர்கள் கேட்டதுதான். அய்யனாருக்காகப் பிறந்த குதிரை, வரவேற்பறை அலமாரிக்கும் ஏற்றதாக மாறிய கதை இது.

2020-ல் இந்தப் பயணம் மொத்தமாக நின்றது. கொரோனா ஊரடங்கில் கண்காட்சி இல்லை, சந்தை இல்லை, சதுர்த்தி ஊர்வலமும் இல்லை. 2021-ல் சூரஜ்குண்ட் மேளாவே நடக்கவில்லை. 2020 ஜனவரியில் அறிவித்த பத்ம விருதுகளை வழங்கும் விழாவும் 2021 நவம்பருக்குத் தள்ளிப்போனது. அதே பட்டியலில் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டிருந்த புதுச்சேரி எழுத்தாளர் மனோஜ் தாஸ், விழா நடப்பதற்குள் 2021 ஏப்ரல் 27-ல் மறைந்துவிட்டார். கலைஞருக்குச் செய்ய வேண்டியதை உடம்பில் தெம்பு இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

செய்கிற உடம்பு

குந்தி உட்கார்ந்தே வேலை செய்வதால் முதலில் போவது முட்டி. பிறகு இடுப்பு. கம்பால் சக்கரத்தைச் சுழற்றியவர்களுக்குத் தோள்பட்டை. ஈர மண்ணில் வருஷக்கணக்காக ஊறிய விரல் இடுக்குகளில் சேற்றுப்புண். சூளைப் புகையில் கண்ணும் மூச்சும்.

வெளியே தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. களிமண் ஈரமாக இருக்கும்வரை நெஞ்சுக்குக் கெடுதல் செய்யாது. காய்ந்து தூளாகிப் பறக்கும்போது, அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் போய்ப் படியும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு 19-ம் நூற்றாண்டில் இந்த நோய் அவ்வளவு பரவலாக இருந்ததால், 'குயவர் நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒருமுறை நுரையீரலில் வடு விழுந்தால் அது ஆறாது. தடுப்பது மட்டும் எளிது. காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைப்பது, கட்டி உடைக்கும்போதும் சலிக்கும்போதும் முகக்கவசம் போடுவது, குழந்தைகளை அந்த நேரத்தில் பக்கத்தில் விடாமல் இருப்பது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிதானே என்று விடாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். டாக்டரிடம் 'மண் வேலை செய்கிறேன்' என்று சொல்வதும் அவசியம்.

உடம்பு ஒத்துழைக்காதபோது கலைஞர்கள் என்ன செய்திருக்கிறார்கள்?

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிப்போயின. தூரிகையை அவர் கையில் யாராவது வைத்துவிட வேண்டும். அப்படியும் 1919-ல் இறக்கும்வரை வரைந்தார். சிற்பம் செய்ய ஆசை வந்தபோது, 1913 முதல் கினோ என்ற இளம் சிற்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரியவர் சொல்லச் சொல்ல, இளையவர் கை மண்ணைப் பிடித்தது. நம் கோபுலுவைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கவாதத்தில் வலக்கை செயலிழந்தபோது, இடக்கையால் வரையப் பழகி, மறுபடியும் பத்திரிகைப் பக்கங்களுக்கு வந்தார் அவர்.

மண் வேலையில் ரெனுவார் செய்ததுபோல நடப்பது அபூர்வமில்லை. கண் மங்கிய பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து 'வயிறு தடிப்பா இருக்கு, தட்டு' என்று சத்தத்தை வைத்தே சொல்வார், மருமகள் தட்டுவார். ஒருவரின் அனுபவமும் இன்னொருவரின் கையும் சேர்ந்தால் வேலை நடந்துவிடும். ஆனால் ரெனுவாருக்கு விற்ற ஓவியங்களின் பணம் இருந்தது. தினம் செய்தால்தான் அன்றைக்குச் சோறு என்கிற வீட்டில் அந்தப் பெரியவரின் மாத்திரைச் செலவு யார் கணக்கில் போகும் என்பதுதான் கேள்வி.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பத்ம விருதோடு பணமோ ஓய்வூதியமோ கிடையாது. ரயிலில், விமானத்தில் சலுகையும் இல்லை. பலருக்கு இது தெரியாது. விருது பெற்றவருக்கே அப்படியென்றால், விருது இல்லாதவர்கள் காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

முதலில் கைவினைஞர் அடையாள அட்டை. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் ஆணையர் அலுவலகம் கொடுப்பது இது. அரசுக் கண்காட்சிகளுக்கும் நலத்திட்டங்களுக்கும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டில் வேலை செய்கிற பெண்களும் தங்கள் பெயரில் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம். அதிலுள்ள 18 தொழில்களில் மண்பாண்டத் தொழிலும் ஒன்று. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய் வரை, பிணை இல்லாமல் 5 சதவிகித வட்டியில் முதலில் 1 லட்சம், அதைக் கட்டிய பிறகு 2 லட்சம் வரை கடன். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால், யார் பெயரில் பதிவது என்பதை வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும். பொதுச் சேவை மையங்களில் பதிவு செய்யலாம். மின் சக்கரம் வாங்கினால் தோள்பட்டை பிழைக்கும், பெண்களும் எளிதாக உட்காரலாம்.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை கிடைக்கும். ஆதார் போதும். தாத்தா, பாட்டி இருக்கிற எந்த வீடும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. படுத்த பிறகு அட்டை எடுக்க அலைவதைவிட, நடக்கும்போதே எடுத்து வைப்பது மேல்.

வாங்குகிற நாம்

அரசு செய்வது ஒரு பக்கம். மண் பொருள் வாங்குகிற நாமும் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டால் அந்த வீடுகளில் நேரடியாகத் தெரியும்.

பொம்மையைச் செய்தவர் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பரிசாகக் கொடுக்கும்போது அந்தப் பெயரோடு கொடுங்கள். ஓவியத்துக்குக் கையெழுத்து கேட்கிற நாம், சுடுமண் சிற்பத்துக்கும் கேட்கலாம். குலதெய்வக் கோயிலுக்குத் திருப்பணி நடக்கும்போது, எல்லாக் குதிரையும் சிமென்ட்டில் வேண்டுமா, ஒன்றாவது மண்ணில் வைக்கலாமா என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பெரிய உருவம் வேண்டுமென்றால் திருவிழாவுக்கு முதல் வாரம் போய் நிற்காமல், மாசி, பங்குனியிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் செய்தால் வேலையும் நிதானமாக நடக்கும், உடைசலும் குறையும்.

கார்த்திகை அகலையும் அப்படியே. தீபத்துக்கு முதல் நாள் தெருமுனையில் பேரம் பேசி வாங்குகிற அதே விளக்கைப் புரட்டாசியிலேயே கலைஞர் வீட்டில் வாங்கிவிடலாம். விளக்கு கெட்டுப்போகிற பொருள் இல்லை, பரண்மேல் கிடக்கும். அந்தப் பணம் மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்கள் கையில் இருந்தால், சூளை எரியாத அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கடன் கேட்டு அலைய வேண்டியிருக்காது.